மூடுபனிக்குள் கமரா: மலையகத்தில் காட்டுயிர்ப் படமெடுக்கப் புறப்படுவோருக்கான முழுமையான வழிகாட்டி

காட்டுயிர்ப் படமெடுக்கக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது, "600 மி.மீ. லென்ஸ் வேண்டுமா?" என்பதுதான். யால, வில்பத்து போன்ற தேசியப் பூங்காவுக்குப் போகிறவர் கேட்டால் அது நியாயமான கேள்வி. ஜீப்பை விட்டு இறங்க முடியாது, சிறுத்தை எங்கோ ஒரு பாறையில் படுத்திருக்கும். இலங்கையின் மலையகத்தில் கணக்கு வேறு. ஹோட்டன் சமவெளியில் மரை (தமிழ்நாட்டார் கடமான் என்பார்கள்) வீதியோரத்திலேயே மேய்கிறது. ஹக்கலைத் தாவரவியல் பூங்காவில் கொம்பு ஓணான் உங்கள் முழங்கை உயரக் கிளையில் இருக்கும். மூடுபனி இறங்கிவிட்டாலோ, ஐம்பது மீற்றருக்கு அப்பால் இருப்பதை எவ்வளவு விலையுள்ள லென்ஸாலும் எடுக்க முடியாது. இங்கே படத்தைக் கெடுப்பவை இரண்டு: ஈரமும் சுமையும். பையை அந்த இரண்டையும் நினைத்தே அடுக்க வேண்டும்.

படி 1: முதலில் விலங்கு, பிறகு லென்ஸ்

"மலைநாட்டுக்குப் போகிறோம்" என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டு அடுக்கத் தொடங்கினால் வீட்டிலுள்ள அத்தனையும் பைக்குள் போய்விடும். ஓர் இடம், இரண்டு விலங்கு என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஹோட்டன் சமவெளி 2,100 முதல் 2,300 மீற்றர் வரை உயரம். மரை, ஊதாமுக மந்தியின் மலைநாட்டு இனமான கரடிக்குரங்கு, கொம்பு ஓணான், நீலச் சாம்பல் ஈபிடிப்பான், இலங்கைக் காட்டுப்புறா ஆகியவை இங்கே கிடைக்கும். பறவை பார்ப்பவர்கள் "அரெங்கா" என்று அழைக்கும் இலங்கைச் சீகாரப் பூங்குருவியைத் தேடி, அதன் பெயரையே கொண்ட வீதியோரக் குளத்தில் விடியற்காலையில் காத்திருப்பார்கள். சிறுத்தையும் இருக்கிறது. ஆனால் அதை நம்பி லென்ஸ் தெரிவு செய்யாதீர்கள்.

ஹக்கலைப் பூங்கா ஓணானுக்கும் கரடிக்குரங்குக்கும் ஏற்றது. நடை குறைவு என்பதால் வயதானவர்களுக்கும் ஒத்துவரும். நுவரெலியா விக்டோரியா பூங்காவில் நவம்பர் முதல் மார்ச் வரை ஆறுமணிக்குருவியும் காஷ்மீர் ஈபிடிப்பானும் வந்து தங்கும். நகரத்தின் நடுவே, ஓடையோரப் புதருக்குள், ஏழெட்டு மீற்றரில் பார்க்கலாம். நக்கிள்ஸ் மலைத்தொடர்ப் பக்கம் போனால் இலைமூக்கு ஓணான். அங்கே அட்டையும் உண்டு, மழையும் உண்டு.

காலத்தையும் பாருங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை ஹோட்டன் சமவெளியில் வானம் பெரும்பாலும் தெளிவு. ஆனால் அதிகாலையில் புல்லில் உறைபனி படியும் குளிர். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டும், காற்றும் பலம். ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை. ஏப்ரலில் வானிலையைவிட சனக்கூட்டம்தான் தொல்லை.

படி 2: எத்தனை மி.மீ. தேவை என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

சூத்திரம் எளிது. சென்சரின் (கமராவுக்குள் படத்தைப் பதியும் தகட்டின்) அகலத்தை லென்ஸின் மி.மீ. அளவால் வகுத்து, விலங்கு நிற்கும் தூரத்தால் பெருக்கினால், படச் சட்டத்துக்குள் அடங்கும் அகலம் கிடைக்கும். ஏபிஎஸ்-சி என்ற சிறிய வகைச் சென்சரின் அகலம் ஏறக்குறைய 23.5 மி.மீ., முழுச்சட்டம் என்ற பெரிய வகைக்கு 36 மி.மீ.

ஏபிஎஸ்-சி கமராவில் 400 மி.மீ. லென்ஸ், ஐந்து மீற்றரில் ஒரு குருவி: 23.5 ÷ 400 × 5 = ஏறக்குறைய 0.29 மீற்றர். பதினைந்து சென்ரிமீற்றர் நீள ஈபிடிப்பான் சட்டத்தில் பாதியை நிரப்பிவிடும். அதற்கு மேல் என்ன வேண்டும்? அதே லென்ஸில் இருபது மீற்றரில் நிற்கும் மரைக்கு 1.2 மீற்றர் அகலம்தான் கிடைக்கும், அதாவது தலையும் கழுத்தும். முழு மரையும் அதன் பின்னால் புல்வெளியும் பனியும் வேண்டுமென்றால் 100 மி.மீ.க்கு இறங்க வேண்டும், அங்கே 4.7 மீற்றர் அகலம் அடங்கும். 150-600 லென்ஸ் இந்த இடத்தில் 150இலேயே முட்டிக்கொண்டு நிற்கும். ஹோட்டன் சமவெளியின் நல்ல மரைப் படங்களில் விலங்கைப் போலவே வெளியும் முக்கியம்.

அதனால் மலையகத்துக்கு ஒரே லென்ஸ் என்றால் எங்கள் தெரிவு 100-400. எடையையும் பாருங்கள். கனனின் ஆர்எஃப் 100-400 ஏறக்குறைய 635 கிராம்தான். ஒளி குறைவாகவே உள்ளே வரும், ஆனால் ஒன்பது கிலோமீற்றர் நடைக்கு அது வரப்பிரசாதம். சிக்மா, டாம்ரன் 150-600 லென்ஸ்கள் இரண்டு கிலோ அளவு. சோனி 200-600 இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். கையில் 150-600தான் இருக்கிறதென்றால் கவலையில்லை, கொண்டுபோகலாம். இதற்காகப் புதிதாக வாங்க வேண்டாம் என்பதுதான் நாங்கள் சொல்வது.

கிட்ட நின்று எடுக்கும் தூரத்தையும் கவனியுங்கள். பெரிய லென்ஸ்கள் பல, இரண்டரை மீற்றருக்குள் இருப்பதில் ஃபோகஸ் பிடிக்காது. ஓணான் அதைவிடக் கிட்ட இருந்தால் நீங்கள் பின்னால் போக வேண்டும், பின்னாலோ பள்ளம் இருக்கும். 90 அல்லது 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் இருந்தால் அதுவே இரண்டாவது லென்ஸ். இல்லாவிட்டால் 12 முதல் 25 மி.மீ. வரையான எக்ஸ்டென்ஷன் டியூப் ஒன்று போதும். கண்ணாடி எதுவுமில்லாத வெறும் வளையம்தான். விலையும் குறைவு, எடையும் இல்லை. வாங்கும்போது மின்தொடர்பு முனைகள் உள்ளதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஃபோகஸும், லென்ஸுக்குள் ஒளி வரும் துவாரமும் கமராவின் கட்டுப்பாட்டில் இராது.

டெலிகன்வேர்ட்டரை (லென்ஸுக்கும் கமராவுக்கும் இடையே மாட்டும் உருப்பெருக்கியை) வீட்டில் வையுங்கள். 1.4 மடங்குக் கன்வேர்ட்டர் ஒரு ஸ்டொப் ஒளியை, அதாவது பாதி ஒளியைத் தின்னும். எஃப்/6.3 லென்ஸ் எஃப்/9 ஆகிவிடும் (எஃப் எண் கூடினால் ஒளி குறையும்). காலைப் பனியில் ஃபோகஸ் முன்னும் பின்னும் அலைந்து களைத்துப்போகும்.

ஒளி எவ்வளவு குறைவு என்பதற்கு ஒரு கணக்கு. விடியும் வேளையில் மரநிழலிலுள்ள குளக்கரையில், ஐஎஸ்ஓ (சென்சரின் ஒளியுணர்வு) 6400, எஃப்/5.6 என்று வைத்தாலும் ஷட்டர் வேகம் 1/30 செக்கன் அளவிலேயே நிற்கலாம். எஃப்/2.8 லென்ஸ் இருந்தால் 1/125. அரெங்காவை மட்டுமே குறிவைத்துப் போகிறவருக்கு 70-200 எஃப்/2.8 லென்ஸை வாடகைக்கு எடுப்பது வீண்செலவல்ல.

*வாடகை லென்ஸ், பழைய லென்ஸ்: பங்கசு (பூஞ்சை) பார்க்கும் முறை.* கடையிலேயே செய்யுங்கள். இரு பக்க மூடியையும் கழற்றி, துவாரத்தை முழுவதும் திறந்துவிட்டு, கைபேசி ரோர்ச்சைப் பின்பக்கக் கண்ணாடியில் சாய்வாகப் பிடியுங்கள். முன்பக்கமிருந்து பார்த்தபடி லென்ஸை மெதுவாகச் சரியுங்கள். தூசி புள்ளியாகத் தெரியும். நாலைந்து புள்ளி பரவாயில்லை. ஓரத்திலிருந்து உள்நோக்கி, சிலந்தி நூல்போலக் கிளைவிட்டுப் போகும் வெள்ளைக் கோடு தெரிந்தால் அது பங்கசு. வாங்காதீர்கள், வாடகைக்கும் எடுக்காதீர்கள். அதை உங்கள் மற்ற லென்ஸ்களோடு ஒரே பையில் போடுவது நல்லதல்ல.

படி 3: கமரா உடல்

ஐஎஸ்ஓ 6400இல் நீங்கள் பொறுத்துக்கொள்ளக்கூடிய படத்தைத் தரும் எந்தக் கமராவும் போதும். சத்தமில்லா ஷட்டர் இருந்தால் விக்டோரியா பூங்காவில் உதவும்.

"நீர்க்காப்பு உள்ளது" என்று விளம்பரத்தில் வருவதை அளவோடு நம்புங்கள். கமராவும் லென்ஸும் இரண்டுமே ரப்பர் விளிம்பு வைத்துச் செய்யப்பட்டிருந்தால்தான் அந்தக் காப்பு வேலை செய்யும். லென்ஸின் உலோக வளையத்தைச் சுற்றி மெல்லிய ரப்பர் இல்லையென்றால் அந்தச் சந்தால் தண்ணீர் உள்ளே போகும். இருந்தாலும் அது தூறலுக்குத்தான், அடைமழைக்கல்ல.

பழைய கமரா ஒன்று வீட்டில் சும்மா கிடந்தால், மூன்றாவது லென்ஸுக்குப் பதில் அதைக் கொண்டுபோங்கள். மேக்ரோவை அதில் மாட்டியே வைத்துவிடலாம். பனிக்குள் லென்ஸ் மாற்றும்போது சென்சருக்கு முன்னால் மிதப்பது தூசி மட்டுமல்ல, நுண்ணிய நீர்த்துளியும்தான். அது காய்ந்தால் கறை நிற்கும். காற்று ஊதும் கைக்கருவியான ஊதியால் ஊதினாலும் போகாது.

படி 4: தாங்கி

ஹோட்டன் சமவெளியின் உலக முடிவுச் சுற்றுப்பாதை ஏறக்குறைய 9 கிலோமீற்றர். படமெடுத்துக்கொண்டு நடந்தால் நான்கு மணித்தியாலம் பிடிக்கும். அந்த நடைக்கு முக்காலி தேவையில்லை. ஒற்றைக்கால் தாங்கி போதும். அறுநூறு கிராம்தான், வழுக்கும் கல்லில் ஊன்றுகோலாகவும் உதவும். லென்ஸின் அசைவு நிறுத்தியை ஒற்றைக்காலில் போட்டே வையுங்கள். முக்காலியில் பூட்டினால் மட்டும் அணைத்துவிடுங்கள்.

வாகனத்துக்குள்ளிருந்து எடுக்கப் பயறுப் பை. ஒரு காற்சட்டைக் காலை வெட்டி, ஒரு முனையைத் தைத்து, மறுமுனைக்கு சிப் வைத்தால் பை தயார். வெறும் பையாக மடித்து எடுத்துப்போய், நுவரெலியாக் கடையில் ஒன்றரை முதல் இரண்டு கிலோ பாசிப்பயறு வாங்கி நிரப்புங்கள். வாய் வரை நிரப்பாதீர்கள். முக்கால் அளவு இருந்தால்தான் லென்ஸ் உள்ளே பதிந்து உட்காரும். இறுக்கமாக இருந்தால் உருளும். வான் கண்ணாடியைப் பாதி இறக்கி, அதன் விளிம்பில் பையைக் கால் விரித்த மாதிரிப் போட்டு, எஞ்சினை நிறுத்தச் சொல்லுங்கள். எஞ்சின் ஓடினால் அதிர்வு பயறையும் தாண்டி வரும். பயணம் முடிந்ததும் பயறைச் சமைத்துவிடலாம். மழையில் நனைந்திருந்தால் சமைக்காதீர்கள், முளைகட்டத் தொடங்கியிருக்கும்.

சின்ன விஷயம் ஒன்று, பலரின் பயணத்தைக் கெடுத்திருக்கிறது. மலைவீதியில் மூன்று நான்கு மணித்தியாலம் பஸ்ஸின் அதிர்வில் திருகாணிகள் தளரும். லென்ஸின் காலைப் பிடிக்கும் திருகு, தாங்கித் தகட்டின் திருகு இரண்டையும் இறங்கியவுடன் இறுக்குங்கள். அவற்றுக்குப் பொருந்தும் அலன் சாவியைத் தாங்கியின் காலிலேயே டேப்பால் ஒட்டி வையுங்கள். பைக்குள் போட்டால் தேவைப்படும் நேரத்தில் கையில் அகப்படாது.

படி 5: ஈரம்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

ஈரம் மூன்று வழியில் வரும். முதலாவது, மழையும் தூறலும். கமராவுக்கு நைலோன் மழையுறை வாங்குங்கள், இல்லாவிட்டால் பழைய மழைக்கோட்டுக் கையை வெட்டித் தையுங்கள். பொலித்தீன் பையில் ஓட்டை போட்டு மாட்டுவது ஹோட்டன் சமவெளியில் சரிவராது. நுழைவிடத்தில் பைகளைத் திறந்து பார்த்துப் பொலித்தீனை அகற்றச் சொல்வார்கள். அது நல்ல விதி. வீசப்பட்ட பொலித்தீனைத் தின்று மரைகள் செத்திருக்கின்றன. சாப்பாட்டையும் டப்பாவிலோ வாழையிலையிலோ கட்டிப் போங்கள். தரையில் மண்டியிட்டு எடுக்க, கொழுந்து பறிப்பவர்கள் இடுப்பில் கட்டும் படங்கில் ஒரு முழம் இருந்தால் போதும். கடையில் விற்கும் எந்த விரிப்பும் அவ்வளவு உழைக்காது.

இரண்டாவது, ஸூம் இழுக்கும் ஈரம். 100-400, 150-600 போன்றவை ஸூம் செய்யும்போது நீளும். நீண்ட குழாயில் பனித்துளி படியும்; அப்படியே உள்ளே இழுத்தால் அந்த நீர் லென்ஸுக்குள் போகும். குழாய் உள்ளே வரும் முன் ஒருமுறை துடையுங்கள். பனியில் இது ஓர் அனிச்சைப் பழக்கமாகவே வர வேண்டும். சோனி 200-600, நிக்கோன் 180-600 போன்று உள்ளுக்குள்ளேயே ஸூமாகும் லென்ஸ்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

மூன்றாவதுதான் மோசமானது: வியர்த்தல். குளிர்ந்த கண்ணாடி வெப்பமான ஈரக் காற்றைத் தொட்டதும் வெளியேயும் உள்ளேயும் நீர் படியும். எவ்வளவு வெப்பத்தில்? 20 பாகை செல்சியஸில், ஈரப்பதன் 60 சதவீதமுள்ள ஓர் அறையில், 12 பாகைக்குக் கீழே இருக்கும் எந்தப் பொருளும் வியர்க்கும். ஹோட்டன் சமவெளிக் காலையில் உங்கள் லென்ஸ் எட்டுப் பாகையில் இருக்கும். தேநீர் கொதிக்கும் அறைக்குள் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நுழைந்தால் முடிந்தது கதை. கண்டிக்கு இறங்கினால் இன்னும் மோசம். அங்கே 28 பாகை, 75 சதவீத ஈரப்பதன் என்று வைத்துக்கொண்டால், 23 பாகைக்குக் கீழுள்ள எல்லாமே நனையும்.

செய்ய வேண்டியது இது. குளிரிலேயே, வெளியிலேயே, வாகனத்துக்குள் ஏறும் முன், கமராவிலிருந்து மெமரி காட்டையும் பற்றரியையும் எடுத்துவிடுங்கள். படத்தைப் பார்க்கும் ஆசை அடங்காது. காட் வெளியே இருந்தால் பையைத் திறக்க வேண்டியிராது. உலர்ந்த துணியால் துடையுங்கள். உருட்டி மூடும் நீர்ப்புகாப் பைக்குள், பத்து லீற்றர் அளவு போதும், கமராவையும் லென்ஸையும் வைத்து, உள்ளேயுள்ள காற்றை அமுக்கி வெளியேற்றி, வாயை மூன்று சுற்றுச் சுற்றிக் கொளுவுங்கள். இனி அறைக்குள் போகலாம். வியர்வை பையின் வெளிப்பக்கத்தில் படியும், கமராவில் அல்ல. பெரிய லென்ஸ் என்றால் ஒன்றரை முதல் இரண்டு மணித்தியாலம் திறக்காதீர்கள். பையின் வெளியே ஈரம் காய்ந்து, தொட்டால் குளிர் தெரியாதபோது திறக்கலாம்.

ஏற்கெனவே வியர்த்துவிட்டதா? கமராவை இயக்காதீர்கள், பற்றரியைக் கழற்றுங்கள். தலைமுடி காயவைக்கும் கருவியால் சூடாக ஊதாதீர்கள், அடுப்பருகே வைக்காதீர்கள். சூடு ஈரத்தை இன்னும் உள்ளே தள்ளும். மின்விசிறிக் காற்றில், நிழலில் விடுங்கள். பிறகு சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் ஓர் இரவு. அரிசிக்குள் புதைக்கும் வைத்தியத்தைக் கைவிடுங்கள். அரிசி மெதுவாகவே ஈரம் உறிஞ்சும், தவிடும் மாவும் சந்துகளுக்குள் புகும்.

சிலிக்கா ஜெல் பத்து லீற்றர் டப்பாவுக்கு ஐம்பது கிராம் போதும். நிறம் மாறும் வகையை வாங்குங்கள். நிறம் மாறினால் 120 பாகையில் ஓவன் அடுப்பில் இரண்டு மணித்தியாலம் வைத்தால் திரும்ப வேலை செய்யும். சிறு துணிப் பொட்டலங்களாகக் கட்டுங்கள். கிழிந்து மணி சிந்தினால் லென்ஸ் வளையத்துக்குள் போகும்.

படி 6: பற்றரியும் மெமரி காட்டும்

லிதியம் பற்றரி குளிரில் சோம்பும். குளிர் கூடினால், இன்னும் மிச்சமிருக்கும்போதே "தீர்ந்தது" என்று காட்டலாம். குளிர்ந்ததை எடுத்துச் சட்டையின் உள் பொக்கெட்டில் போட்டு, சூடான ஒன்றை மாட்டுங்கள். அரை மணித்தியாலத்தில் பழையதும் கொஞ்சம் உயிர்பெறும். மிரர்லெஸ் (உள்ளே ஆடியில்லாத) கமராவுக்கு மூன்று பற்றரி, பழைய டிஎஸ்எல்ஆருக்கு இரண்டு.

பவர் பேங்கின் பெரிய எண்ணை நம்பி ஏமாறாதீர்கள். 10,000 எம்ஏஎச் என்றால் 37 வாட்-மணி. வழியில் இழப்பது போக, 16 வாட்-மணிக் கமரா பற்றரியை ஏறக்குறைய ஒன்றரைத் தடவைதான் நிரப்பும். மழை நாளில் மலையில் மின்சாரம் போவது புதுமையல்ல. அறைக்கு வந்ததும் முதல் வேலை சார்ஜ் போடுவதுதான். விடுதிகளில் பெரும்பாலும் ஒரே பிளக்தான் கட்டிலருகே இருக்கும், ஒரு மல்ரிபிளக் கொண்டுபோங்கள்.

24 மெகாபிக்சல் ரோ கோப்பு (கமராவின் மூலக் கோப்பு) ஒன்று 30 எம்பி அளவு. 64 ஜிபி காட்டில் ஏறக்குறைய இரண்டாயிரம் படம். 128 ஒன்றைவிட 64 இரண்டு நல்லது. எடுத்து முடித்த மெமரி காட்டைப் பெட்டியில் தலைகீழாக வைக்கும் பழக்கம், தவறுதலாக அழிப்பதைத் தடுக்கும்.

படி 7: பை

முப்பது லீற்றர் முதுகுப்பை, இடுப்புப் பட்டியுடன். எடையை முன்கூட்டியே கூட்டிப் பாருங்கள்: கமரா 700 கிராம், 100-400 லென்ஸ் (கனமான வகை) 1.4 கிலோ, மேக்ரோ 600, ஒற்றைக்கால் 600, பற்றரி முதலியவை 400, பை 1.5 கிலோ, தண்ணீர் 1 கிலோ, சாப்பாடு 500 கிராம், மழைக்கோட்டும் ஜக்கெட்டும் 700. மொத்தம் 7.4 கிலோ. இதையே 150-600, இரண்டு கிலோ முக்காலி என்று மாற்றினால் 9.4 ஆகும். இரண்டு கிலோ வித்தியாசம் ஹோட்டன் சமவெளி நடை தொடங்கும் ஃபார் இன் வாசலில் தெரியாது. நடைவழியிலுள்ள பேக்கர்ஸ் நீர்வீழ்ச்சியிலிருந்து ஏறும்போது தெரியும்.

அடுக்கும் ஒழுங்கு கீழிருந்து மேலே. அடியில் மடித்த ஜக்கெட். பை கீழே விழுந்தாலும் மெத்தையாகும். அதன் மேல், முதுகை ஒட்டி, பெரிய லென்ஸ் மாட்டிய கமரா, கண்ணாடிப் பக்கம் கீழ்நோக்கி. கனமானது முதுகை ஒட்டியிருந்தால்தான் பை பின்னால் இழுக்காது. அதன் பக்கத்தில் மேக்ரோ, சாரத் துணியில் சுற்றி. பழைய பருத்திச் சாரத்தில் கிழித்த துண்டு, கமரா உடலையும் லென்ஸ் குழாயையும் துடைக்க நன்றாக இருக்கும். கண்ணாடிக்கு மட்டும் நுண்ணிழைத் துணி, குறைந்தது மூன்று இருக்கட்டும். ஒன்று நனையும், ஒன்று கீழே விழும். மேலே மழையுறையும் நீர்ப்புகாப் பையும். தூறல் தொடங்கிய பின் தேடுவதற்கு நேரமிராது.

தண்ணீர்ப் போத்தல் வெளிப்பக்கப் பொக்கெட்டில் மட்டும். ரொட்டியும் சம்பலும் தனிப் பையில். எண்ணெய்க் கையை லென்ஸிலிருந்து தூர வைப்பதற்காக மட்டுமல்ல; ஹக்கலையில் செங்குரங்கு சாப்பாட்டு வாசனை வந்த பையைத் திறக்காமல் விடாது.

அட்டைக்கு மருந்து தடவுகிறவர்கள் கவனம். டீட் கலந்த பூச்சிவிரட்டி பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் கரைக்கும். தடவிய கையால் ஸூம் வளையத்தைப் பிடித்தால் சில நாளில் ரப்பர் பிசுபிசுத்துவிடும். காலுறையில் ஈரச் சவர்க்காரத்தைத் தேய்த்து, அதன்மேல் அட்டைக்காலுறை போடுங்கள். நக்கிள்ஸுக்கும் சிவனொளிபாதமலைக் காடுகளுக்கும் அதுவே போதும்.

கொண்டுபோகக் கூடாதவையும் உண்டு. ட்ரோன் வேண்டாம், அனுமதியில்லாமல் தேசியப் பூங்காவில் பறக்கவிட முடியாது. பறவையை வரவழைக்கக் குரல் ஒலிக்கும் ஸ்பீக்கரும் வேண்டாம். கூடு கட்டும் காலத்தில் ஆண் பறவை இல்லாத எதிரியைத் தேடி அலைந்தே களைத்துவிடும். தேவாங்குக்கு நேரே ஃபிளாஷ் அடிக்காதீர்கள். அதன் கண் இருட்டுக்கென்று அமைந்தது. ஓணானுக்கு ஃபிளாஷ் பயன்படுத்தினால் மேலே வெள்ளைத் துணி கட்டி மென்மையாக்குங்கள். கிளையை வளைக்காதீர்கள், ஓணானைத் தொடாதீர்கள்.

படி 8: முந்தின இரவும் வழியும்

முந்தின இரவு மேசையில் எல்லாவற்றையும் பரப்பி ஒரு படம் எடுத்துப் பாருங்கள். காட் உள்ளே இருக்கிறதா, பற்றரி முழுதா, கமராவின் நேரம் சரியா? ஐஎஸ்ஓவைத் தானியங்கியில் போட்டு உச்சத்தை 6400இல் கட்டுங்கள், ஷட்டர் 1/250. மூடுபனியில் கமரா வெள்ளையைக் கண்டு படத்தைச் சாம்பலாக்கும்; ஒளியீட்டை +2/3 முதல் +1 வரை கூட்டுவதை நினைவில் வையுங்கள். கரடிக்குரங்கின் கறுத்த உடம்புக்கு எதிர்ப்பக்கம், 1/3 குறைக்க வேண்டி வரும்.

இருப்பிடப் பதிவை, கமராவிலும் கைபேசியிலும், அணையுங்கள். நம் ஓணான்களைத் திருட்டாகப் பிடித்து வெளிநாட்டுக்கு விற்கிறவர்கள் இருக்கிறார்கள். தேயிலை மலைகளில் சிறுத்தைக்குக் கம்பிச் சுருக்கும் காத்திருக்கிறது. படத்தோடு இடத்தையும் கொடுக்க வேண்டாம்.

ரயிலில் வந்தால் நுவரெலியாவுக்கு நானுஓயாவில் இறங்க வேண்டும். ஹோட்டன் சமவெளிக்கு நேரே போகிறவர்களுக்குப் பட்டிப்பொல அல்லது ஒஹிய. மழைக்காலத்தில் மண்சரிவு பாதையை மூடும். சேவை உண்டா என்று முதல்நாளே கேளுங்கள். கமராப் பையை மேல் தட்டில் வைக்காமல் மடியில் வையுங்கள். பஸ்ஸில் எஞ்சின் மூடிக்கு அருகே வைத்தால் சூடு, அங்கே வேண்டாம். நுவரெலியாவிலிருந்து வானில் போனால் விடியும் முன் புறப்பட்டு, கண்ணாடியை இரு விரல் திறந்து வையுங்கள். வண்டிக்குள் வெளிக்குளிரே இருக்கட்டும். உள்ளே சூடாக்கி விட்டு இறங்கினால் லென்ஸுக்கும் காற்றுக்கும் இடையே உள்ள வெப்ப வேறுபாடு முதல் கால் மணித்தியாலத்தின் படங்களை மங்கலாக்கும். ஜக்கெட்டை நீங்கள் போட்டுக்கொள்ளலாம், கமராவுக்குத் தேவையில்லை.

படி 9: திரும்பி வந்ததும்

நீர்ப்புகாப் பையைத் திறந்த பிறகு, ஊதியால் ஊதி, பிறகு துடையுங்கள். தூசியோடு துடைத்தால் கீறும். வாயால் ஊதாதீர்கள். கமராத் தோள்பட்டி மழையில் நனைந்திருந்தால் கழற்றிக் காயப்போடுங்கள். ஈரப் பட்டியோடு பெட்டியில் வைத்தால் சிலிக்கா ஜெல் முழுவதும் அதற்கே போய்விடும். தோல் உறை இருந்தால் அதில் கமராவை வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு பங்கசுக்கு வீடு கட்டிக் கொடுக்கும்.

வீட்டில் லென்ஸை 40 முதல் 50 சதவீத ஈரப்பதனில் வையுங்கள். மின்சார உலர்பெட்டி வாங்க வசதியில்லாவிட்டால், ரப்பர் விளிம்புள்ள சாப்பாட்டு டப்பாவும், ஒரு சிறிய ஈரப்பதன்மானியும், சிலிக்கா ஜெல்லும் போதும். மானி 60ஐத் தாண்டினால் ஜெல்லை மாற்றுங்கள். அடுப்படிப் பக்கத்து அலுமாரி வேண்டாம். அங்கே ஆவியும் புகையும் சேர்ந்து வரும். பற்றரியை நீண்ட நாள் வைப்பதென்றால் பாதி சார்ஜில் கழற்றி வையுங்கள். மாதம் ஒருமுறை லென்ஸை வெளியே எடுத்து, ஸூம் வளையத்தை முழுச் சுற்றும் திருப்பி, அந்தப் பழைய ரோர்ச் வெளிச்சத்தில் ஓரங்களைப் பாருங்கள்.